பெல்ட் மூடியில் குளவி

ஜூன் பதினான்கு, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் வந்ததும் காபி. துணியை ஊறவைத்துவிட்டு, பின்பக்க ஷெட்டைத் திறந்து மரம் அறுக்கும் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இது வழக்கம். மேல் கையின் மூட்டில் இரண்டு சொட்டு, கீழ்க் கையின் மூட்டில் இரண்டு சொட்டு, மோட்டாரின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சொட்டு. வழிந்ததைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு அங்கன்வாடிக்குக் கொடுப்பதற்காக ஒரு மர யானையை அறுத்தேன். காது சரியாக வரவில்லை. இன்னொன்று அறுத்தேன். மதியம் அவரைக்காய்க் குழம்பு. சாப்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் பள்ளித் தோழிகள் நீங்கள் நான்கு பேரும் இந்த விழுப்புரம் வீட்டுக்கு வந்தீர்கள். ஷெட் திறந்திருந்தது. "இன்னாடி இது, மாவு மில்லு மாதிரி?" என்று ஒருத்தி கேட்டாள். "அவங்க அப்பா மெஷினுடி. இன்னும் அதக் கட்டிகினு அழுவுறா" என்று இன்னொருத்தி சொன்னாள். கடைசியாக ஒருத்தி, "பயமா இல்லயாடி உனக்கு? சின்ன வயசுல இந்த மெஷின் சத்தம் கேட்டாலே எங்க ஊட்டுக்கு ஓடியாந்துடுவியே" என்றாள். நான் சிரித்துவிட்டுக் காபி போடப் போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்கு நின்றபடி பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உங்களில் சிலருக்குத் திண்டிவனத்தில் எங்கள் கடை நினைவிருக்கும். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அப்பாவுக்குப் பெயர்ப் பலகைத் தொழில். பெயின்ட்டில் எழுதுகிற பலகை அல்ல. பிளைவுட்டில் ஒவ்வொரு எழுத்தாக அறுத்து, வண்ணம் அடித்து, பலகையில் பதிப்பது. ஜவுளிக் கடை, நகைக் கடை, கல்யாண மண்டபம் என்று வசதியான இடங்களில்தான் அந்த மாதிரிப் பலகை கேட்பார்கள்.

கையால் அறுத்துக்கொண்டிருந்தவர், பாண்டிச்சேரியில் மூடிப்போன ஒரு மரச்சாமான் பட்டறையிலிருந்து இந்த மெஷினை வாங்கி வந்தார். ஜிக்சா என்பார். இப்போது கையில் பிடித்து அறுக்கிற சின்னக் கருவிக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. இது அதுவல்ல. வார்ப்பிரும்புக் கால்களின் மேல் ஓர் இரும்பு மேசை. பின்னாலிருந்து எழும்பி, வளைந்து, முன்னால் நீண்டு நிற்கிற கனமான ஒரு கை. அந்தக் கையின் நுனிக்கும் மேசைக்கு அடியிலிருக்கும் இன்னொரு கைக்கும் நடுவில் ஈர்க்குச்சி அகலத்தில் ஒரு பிளேடு. மெஷின் ஓடும்போது பிளேடு மேலும் கீழும் குதிக்கும். பலகையை நாம்தான் திருப்பித் திருப்பித் தள்ள வேண்டும். எந்த வளைவும் வரும். லாரியிலிருந்து அதை இறக்கியவர்கள் இரண்டு முறை கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள்.

மோட்டார் விழுப்புரத்தில் தனியாக வாங்கியது. மெஷினுக்குப் பின்னால் தாழ்வாக ஒரு பலகைமேல் அது உட்கார்ந்திருக்கும். பலகையின் ஒரு முனை கீலில் ஆடும். மோட்டாரின் கனம் பலகையைக் கீழே இழுப்பதால்தான் பெல்ட் விறைப்பாக நிற்கும். பெல்ட் மாற்றும்போது அப்பா பலகையைத் தூக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார். உடனே பெல்ட் தொளதொளவென்று தொங்கும். பெல்ட்டையும் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து மறைப்பதற்குத் தகரத்தில் ஒரு மூடி இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த நீள மூடி. சொல்லப்போவது அந்த மூடியைப் பற்றித்தான்.

ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. மெஷின் ஓடினால் வீடு முழுவதும் தெரியும். சமையலறைத் தட்டுகள் ஒன்றோடொன்று பேசும். பல்லைக் கடித்துக்கொண்டால் பல்லுக்குள் அந்த அதிர்வு இருக்கும். பிளைவுட்டின் பசை லேசாகக் கருகும் வாடை சோற்றில்கூட வரும். எனக்கு அந்தப் பிளேடு பயம். ஓடும்போது அது கண்ணுக்கே தெரியாது. பலகை மட்டும் தானாகப் பிளந்துகொண்டு போவது போல இருக்கும். கண்ணுக்குத் தெரியாததில் கையை வைக்காமல் இருப்பது எப்படி என்பது எனக்குப் புரியவில்லை.

அப்பா அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்.

க, ச, த, ஓ என்று வயிற்றில் ஓட்டை உள்ள எழுத்துகள் வந்தால் வெளியிலிருந்து அறுத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. முதலில் துளை போட வேண்டும். பிளேடின் மேல் முனையைக் கழற்றி, துளைக்குள் கோத்து, மறுபடி மாட்டி இறுக்க வேண்டும். பலகையை அப்பாவோ, அப்போது எங்களோடு இருந்த சித்தியோ பிடித்துக்கொள்ள, குனிந்து பிளேடைத் துளைக்குள் தள்ளுவது என் வேலை என்று அப்பா வைத்துவிட்டார். "தொட்டுத் தொட்டுப் பழகினாத்தான் பயம் போவும்" என்றார். அந்த விடுமுறையில் எத்தனை க-வுக்கும் ஓ-வுக்கும் கோத்திருப்பேன் என்று தெரியாது. பயம் போகவில்லை. விரல் மட்டும் வேகமாகிவிட்டது.

கோடையில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கரண்ட் போனால் மெஷின் சுவிட்சை அணைக்க மாட்டோம். வீட்டுக்குள் பகலில் விளக்கு எரியாது, மின்விசிறியும் கிடையாது. ஆகவே மெஷின் தானாக ஓட ஆரம்பித்தால்தான் கரண்ட் வந்துவிட்டது என்று தெரியும். அப்பா எங்கே இருந்தாலும் எழுந்து வருவார்.

ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு த-வுக்குப் பிளேடு கோத்துக்கொண்டிருந்தேன். கோத்துவிட்டுக் கையை எடுத்தேன். மெஷின் ஓடியது. மேல் முனை மாட்டாத பிளேடு சாட்டை மாதிரி அடித்துக்கொண்டு பலகையில் கீறியது. நான் கத்திய கத்தலில் தெருவில் சைக்கிளில் போனவர் நின்றுவிட்டார்.

"எங்க, கையக் காட்டு" என்றார் அப்பா. புரட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆவலல்ல? பின்ன இன்னாத்துக்கு ஒப்பாரி?"

"ஆயிருந்தா?" என்றாள் அம்மா.

"ஆயிருந்தா, ஆயிருந்தான்னு பேசிகினு இருந்தா தொழில் பண்ண முடியுமா? லாரி ஓட்றவன் ஊட்லயே ஒக்காந்துகினு இருக்கானா?"

அதற்குப் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் நான் யாருக்கும் தெரியாமல் சுவரோரம் போய் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் அது தெரியவில்லை. ஒரு நாள் அப்பா மதியம் கண் அயர்ந்தவர் பொழுது சாயும்வரை எழவில்லை. கரண்ட் வந்து வெகு நேரமாகியிருந்தது. நகைக் கடைக்காரர் பலகைக்கு அனுப்பிய ஆளை வெறும் கையோடு திருப்பி அனுப்பினோம்.

"எந்தக் கை சுவிட்சத் தொட்டுது?" என்றார் அப்பா.

நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதிலேயே பதில் இருந்தது.

"மெஷின் ஓடலன்னா கரண்ட்டு வந்தது எப்டித் தெரியும்? ஜோசியம் பாக்கறதா? இனிமே அந்தச் சுவிட்சு பக்கம் ஒன்னப் பாத்தேன்..." என்று விரலை ஆட்டினார். அடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அடிக்கிற வழக்கம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் சுவிட்சைத் தொடவில்லை.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. கல்யாணமாகிச் சில வருடங்கள். சித்தப்பாவுக்கு வடக்கே வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாக எழுதிக்கொண்டே இருந்தார். குழந்தை இல்லை என்று மாமியார் வீட்டில் தினமும் ஒரு பேச்சு. பொறுக்க முடியாமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மெஷினில் உட்கார்ந்தாள். அப்பா பென்சிலில் வரைவார், சித்தி அறுப்பாள். அப்பா அறுத்தால் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு, அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். சித்தி கோட்டின் மேலேயே போவாள்.

சித்திக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வரும் என்று யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு காலை சித்தி என்னைக் கூப்பிட்டாள். பெல்ட் மூடியின் உள்பக்க மூலையில் ஈர மண்ணில் கட்டை விரல் அளவுக்கு ஒரு கூடு. குளவி ஒன்று வாயில் மண் உருண்டையோடு வந்தது, வைத்துப் பூசியது, ரீங்காரமிட்டுக்கொண்டே போனது. பக்கத்து வீட்டில் துணி தைக்கும் டெய்லர் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏ, குளவி கூடு கட்னா ஊட்ல கொழந்த பொறக்கும்டி!" என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுவும் நீ ஒக்கார்ற மெஷின்லயே கட்டிக்கீது. வேற யாருக்கு?"

"எங்க அக்காவுக்கா இருக்கும்" என்றாள் சித்தி.

"அடிப் போடி, எனக்கு ஒண்ணு வச்சிகினே சமாளிக்க முடியல" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் மெஷினில் உட்காரவில்லை.

அப்பாவுக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் நாங்கள் சமணர்கள். வல்லம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். பலகையை மேசையில் வைக்கும்முன் எறும்பு இருக்கிறதா என்று மயிலிறகால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் வைப்பார் அப்பா. உளுத்த மரம் யாராவது கொண்டுவந்தால், உள்ளே புழு இருக்கும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். கூட்டை உடைப்பது பற்றிப் பேச்சே எழவில்லை. மெஷின் ஓடினால் மூடி அதிர்ந்து கூடு உதிர்ந்துவிடும். ஆகவே மெஷின் நின்றது. குளவி எங்கள் வீட்டு முதலாளி ஆகிவிட்டது. பலகை கேட்டு வந்தவர்களிடம் அப்பா, "மெஷின் ரிப்பேருங்க" என்றார். பொய் சொன்னதற்கு அம்மா அவரை முறைத்தாள்.

குளவி கடைசி அறையையும் மண்ணால் அடைத்துவிட்டுப் போனது. திரும்பி வரவில்லை. உள்ளே முட்டையும் இரையும் இருக்கும், இனி அது தானாக வளர்ந்து வெளியே வரும் என்றார் அப்பா. பஞ்சு தொடுவது போல மூடியின் திருகுகளைக் கழற்றினார். கூட்டோடு அதை எடுத்து, மெஷினுக்கு நேர் பின்னால் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். பிறகு மெஷினை ஓட்டினார். முதல் தடவையாகப் பெல்ட் ஓடுவதைப் பார்த்தோம். கறுப்பாக, பளபளவென்று, ஓர் இடத்தில் நிற்பது போலவே ஓடியது.

"பெல்ட்டு தொறந்து கெடக்குதே" என்றாள் அம்மா.

"பிளேடே தொறந்துதான் கெடக்குது. அதுக்கு முன்னாடியே ஒக்காந்துகினு இருக்கோம். பெல்ட்டு பின்னாடி சும்மா சுத்திகினு இருக்குது, அது இன்னா பண்ணப் போவுது? குளவி பறந்ததும் மாட்டிக்கலாம்."

சரியாகத்தான் பட்டது. எனக்கும்தான். நான் பயந்தது பிளேடுக்கு. பெல்ட்டுக்குப் பல் இல்லை.

அதன் பிறகு தினமும் சித்தி மெஷினுக்குப் பின்னால் போய்க் கூட்டைப் பார்ப்பாள். அதற்குச் சுவரில் ஒரு கையை ஊன்றி, பெல்ட்டுக்கு மேலாகச் சாய வேண்டும். மெஷின் ஓடாத நேரத்தில்தான் போவாள். அதில் கவனமாகவே இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியமே கரண்ட் போய்விட்டது. சமண வழக்கப்படி, இருட்டிய பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. ஆகவே வெயில் இறங்கியதும் அம்மா தட்டு வைத்துவிடுவாள். அப்பா உட்கார்ந்துவிட்டார். "சித்தியக் கூப்ட்டுகினு வா. பொழுது போவுது பாரு, ஜல்தி" என்றாள் அம்மா என்னிடம்.

கடைக்குள் மஞ்சளாகக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சித்தி மெஷினுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அன்று தலைக்குக் குளித்திருந்தாள். இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி. ஈரம் காயட்டும் என்று நுனியில் மட்டும் ஒரு முடிச்சு. அவள் சுவரில் கை ஊன்றிச் சாய்ந்திருந்ததில் முடி தோளைத் தாண்டி முன்பக்கம் வழிந்து பெல்ட்டின்மேல் கிடந்தது.

"பாப்பா, இங்க வந்து பாரேன். உள்ள ஏதோ சொரண்ற மாதிரி கேக்குது."

"அம்மா கூப்டறாங்க, சித்தி."

"வர்றேன்டி. ஷ்ஷ், இரு. கேளு."

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். டெய்லர் அக்கா வீட்டு ரேடியோ பாதிப் பாட்டில் பாட ஆரம்பித்ததும் மெஷின் எழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது.

சித்தி கத்தவில்லை. மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் வந்தது. தலை வெடுக்கென்று கீழே இறங்கியது. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தாள். கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது. முகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது; பிறகு அரைச் சாண். பெல்ட் கிறீச்சிட்டது. ரப்பர் கருகும் நாற்றமும் முடி கருகும் நாற்றமும் சேர்ந்து வந்தன.

நான் "அப்பா" என்று கத்தினேனாம். எனக்கு அது நினைவில் இல்லை. சுவிட்ச் நினைவில் இருக்கிறது. அது சித்தியின் முதுகுக்கு அந்தப் பக்கம், சுவரில் இருந்தது. அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைய இடமில்லை. இந்தப் பக்கம் மோட்டார். அந்த நேரத்தில் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். போகவில்லை. பாவாடை நனைந்துவிட்டது. தலைக்கு மேலே, வெறும் மேசையில், பிளேடு குதித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. தரையில் மண்டியிட்டு மோட்டார்ப் பலகையின் அடியில் தோளைக் கொடுத்தேன்.

முதலில் அது அசையவில்லை. பிறகு கொஞ்சம் கிளம்பியது. பெல்ட்டின் விறைப்பு விட்டது. மெஷின் சக்கரம் இழுத்து இழுத்து நின்றது. என் தோளின் மேல் மோட்டார் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் சூடு சட்டையைத் தாண்டி வந்தது.

அப்பா சோற்றுக் கையோடு ஓடி வந்தார். சித்தியின் முதுகுக்குப் பின்னால் கையை நுழைத்துச் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் நின்றது. "விடு பாப்பா. நின்னுடுச்சு. விடு" என்றார். நான் விடவில்லை. அது மறுபடி தானாக ஓடும் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைத் தூக்கித்தான் வெளியே எடுத்தார்.

முடி சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இறுகிச் சுற்றியிருந்தது. சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தார்கள். இன்னும் இறுகியது. சத்தம் கேட்டு வந்த டெய்லர் அக்காவின் கையில் கத்தரி இருந்தது.

"வெட்டிடலாம்" என்றாள்.

"ஐயோ, வேணாம்" என்றாள் அம்மா. "சுமங்கலி முடி. வெள்ளிக்கிழம அதுவுமா. பொறுமையா எடுங்க, வந்துடும்."

"எங்க வருது? காதுகிட்டப் பாருக்கா, ரத்தம்."

"அவங்க மாமியாருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

சக்கரத்தோடு கன்னத்தை வைத்தபடி சித்தி பேசினாள். "அக்கா, தலையத் தூக்க முடியல. கழுத்து வலிக்குது. வெட்டச் சொல்லுக்கா."

ஈர முடி துணி மாதிரி வெட்டுப்படாது. நறநறவென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்டுப்பட்டது. அம்மா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சித்தி நிமிர்ந்தபோது ஒரு பக்கம் முடி காதளவில் நின்றது. மறுபக்கம் இடுப்புவரை தொங்கியது. காதுக்குப் பின்னால் தோல் கிழிந்து பிளவுஸ் நனைந்திருந்தது. சக்கரத்தில் கறுப்பாக ஒரு வளையம்.

டாக்டர் தையல் போட்டு அனுப்பியபோது இருட்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மா மோர்சாதம் பிசைந்து கொண்டுவந்து, "இன்னிக்கி ஒரு நாளு பரவால்லடி" என்றாள். சித்தி வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு மாத்திரையைக் காலைக்கு வைத்துக்கொண்டாள்.

தெருப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் முடியைப் பற்றியே பேசினார்கள். எவ்வளவு நீளம், எப்படி வளரும், சித்தப்பா வீட்டில் என்ன சொல்வார்கள். டெய்லர் அக்கா மட்டும், "ஊட்டுக்காரு வந்து கேட்டா புது பேஷனுன்னு சொல்லிடு. இன்னொரு பக்கமும் நானே வெட்டி உடறேன்" என்றாள். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலித்தது. காதைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அம்மாவுக்குக் கோபம் வந்தது. அதுவரை அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குள் போனாள். "அந்தக் கூட்ட இப்பவே பேத்துப் போட்டுட்டு மூடிய மாட்டுங்க. இல்லன்னா நான் பேக்கறேன். பாவம் எனக்கு வரட்டும்."

சித்தி எழுந்து வந்து சுவருக்கு முன்னால் நின்றாள். தலையில் வெள்ளைக் கட்டு. "அது இன்னாக்கா பண்ணுச்சு? நாந்தான சாஞ்சேன்."

"நீ செத்துப் போயிருப்பியேடி!"

"சாவலல்ல."

"நாளைக்கி இவ சாஞ்சா?" என்று அம்மா கரண்டியால் என்னைக் காட்டினாள்.

சித்தி சுவரை விட்டு நகரவில்லை. மூடியை மாட்ட வேண்டுமென்றால் கூட்டை உடைக்க வேண்டும். கூட்டை விட்டுவைத்தால் பெல்ட் திறந்து கிடக்கும். மெஷினை நிறுத்திவிட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. அப்பா முக்காலியில் உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரில் யாருக்கும் அவர் பரிந்து பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி சுவிட்ச அணைச்சது நீதான, பாப்பா?"

"ஆமாம்பா."

"காலைல பாத்துக்கலாம். போய்ப் படுங்க" என்றார்.

அறுக்கிற சத்தம் கேட்டு விழித்தேன். தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் அது மெஷின் சத்தமல்ல என்று தெரிந்தது. கை ரம்பம். பால்காரர்கூட இன்னும் வந்திருக்கவில்லை. சித்தி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா கடைத் தரையில் உட்கார்ந்து, ஒரு பிளைவுட் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏற்கெனவே அறுத்த இரண்டு துண்டுகள். பென்சில் கோடுகளைப் பார்த்ததும் புரிந்தது. பெல்ட்டுக்கு மரத்தில் ஒரு பெட்டி செய்கிறார். தகர மூடி கூட்டோடு சுவரிலேயே தொங்கியது. நான்கு பலகை, கொஞ்சம் ஆணி. பலகை அறுப்பதே பிழைப்பாக இருந்த வீட்டில் அத்தனை நாளும் அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மெஷின்லயே அறுக்கலாமேப்பா. ஜல்தி முடிஞ்சிடும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டைப் பையில் வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. மெயின் போர்டிலிருந்து பிடுங்கிய பியூஸ் கட்டை; அது இல்லாமல் வீட்டுக்குள் கரண்ட் வராது. வீட்டில் மெஷின் சுவிட்சைத் தவிர வேறு எதுவும் அந்த நேரத்தில் கரண்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. அந்தச் சுவிட்சும் நேற்று அவர் அணைத்தது அணைத்தபடியே இருந்தது. இருந்தும் கட்டையைப் பையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிச்சுக்கம்மா. ஆடுது" என்றார்.

நான் போய் எதிரே உட்கார்ந்து பலகையின் மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். ரம்பம் இன்னும் பலகையைத் தொடவில்லை. கோட்டின் மேல் அவர் அதை வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை நடுங்கியது. முதலில் என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். நடுங்கியது பலகையை மிதித்திருந்த அப்பாவின் கால்.